முதல் தாள் உங்களைப் பற்றித்தான் இருக்கும்

சமூக அறிவியல் புத்தகத்தில் அடிப்படை உரிமைகள் என்று ஒரு பாடம் வரும். பேச்சுரிமை, கருத்துரிமை என்று பிள்ளைகள் அடிக்கோடு போட்டு, மனப்பாடம் செய்து, மதிப்பெண்ணும் வாங்கிவிடுவார்கள். அதே பிள்ளையிடம், தலைமையாசிரியர் பக்கத்தில் நிற்கும்போது, "சாம்பார் எப்படி மக்கா இருந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். "நல்லா இருந்தது சார்" என்பான். தட்டில் பாதிச் சோறு அப்படியே கிடக்கும்.

இதை இன்னொரு பாடம் நடத்திச் சரிசெய்ய முடியாது. அவன் எழுதிப் பார்க்க வேண்டும். எழுதியதால் தலை போகவில்லை என்று கண்ணால் காண வேண்டும். குமரி மாவட்டத்தில் ஓர் ஊர்ப்புற நூலகத்தில் சில ஆண்டுகளாகச் சனிக்கிழமை தோறும் எழுத்து வகுப்பு நடத்திவருகிறேன். புதிதாகப் பணியில் சேர்ந்த ஆசிரியர்கள், வாசகர் வட்டத்துக்காரர்கள், விடுமுறைக்கு ஊர் வரும் கல்லூரிப் பிள்ளைகள் என்று பலர் "நாங்களும் தொடங்கலாமா, எப்படி?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்காக இது. நான் செய்த தப்புகளையும் சேர்த்தே எழுதுகிறேன், அவைதான் அதிகம் உதவும்.

தொடங்கும் முன்

13 முதல் 15 வயதுப் பிள்ளைகள் 15 பேர் போதும். 20-ஐத் தாண்டினால் அது மறுபடியும் பள்ளிக்கூடமாகிவிடும். ஒன்றரை மணி நேரம், எட்டு வாரம். பெஞ்சுகளை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பாய் விரித்து வட்டமாக உட்காருங்கள்; நீங்களும் பாயில்தான். புது நோட்டு வாங்கிக் கொடுக்காதீர்கள். புது நோட்டைக் கண்டால் பிள்ளைகள் தலைப்பை அழகாக எழுதி, இரண்டு கோடு போட்டு, அதோடு நின்றுவிடுவார்கள். ஒருபக்கம் அச்சான பழைய தாள்தான் நல்லது, கெட்டுப்போனால் கவலை இல்லை. மடித்த தாளைப் போட, மூடியில் துளை போட்ட ஒரு பிஸ்கட் டின்னும் வேண்டும்.

பள்ளிக்குள் நடத்துவதாக இருந்தால் அனுமதி கேட்கும்போது உண்மையைச் சொல்லுங்கள். 'கதை எழுதும் பயிற்சி' என்று மட்டும் சொல்லி உள்ளே நுழையும்படி சிலர் யோசனை சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பின்னால் ஒரு தாள் பிரச்சினையாகும்போது நீங்கள் தனியாக நிற்பீர்கள். கையில் ஒரு துண்டுச்சீட்டு கொண்டுபோங்கள்: 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 29-ஆவது பிரிவு, குழந்தை பயமும் பதற்றமும் இல்லாமல் தன் கருத்தைத் தாராளமாகச் சொல்ல உதவ வேண்டும் என்கிறது. 17-ஆவது பிரிவு அடிப்பதையும் மனரீதியாகத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. குழந்தைகளின் கருத்துரிமையைச் சொல்லும் ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 1992-லேயே ஏற்றுக்கொண்டுவிட்டது. இந்த மூன்றையும் சண்டைக்காரனைப் போலச் சொல்ல வேண்டாம். "சட்டமே இதைத்தானே கேட்கிறது சார்" என்று பையச் சொன்னால் போதும்.

நாள்காட்டியையும் பாருங்கள். டிசம்பர் தொடக்கத்தில் கோட்டாறு சவேரியார் திருவிழா, மார்கழியில் சுசீந்திரம் தேர், மாசியில் மண்டைக்காட்டுக் கொடை, அய்யா வைகுண்டர் அவதார தினம். அந்த வாரங்களில் ஆள் வராது. அடுத்த வாரம் எழுத நிறைய இருக்கும்.

முதல் நாள்: திருத்தப்பட்ட சொற்கள்

'கருத்துச் சுதந்திரம்' என்ற சொல்லை முதல் மூன்று வாரம் வாயில் எடுக்கவே வேண்டாம். முதல் நாள் ஒரே கேள்வி: "நீங்கள் பேசியதில் எந்தச் சொல்லையெல்லாம் யாராவது திருத்தியிருக்கிறார்கள்?"

பலகை நிறைந்துவிடும். தண்ணீருக்கு வெள்ளம், தேநீருக்குச் சாயா, நினைவுக்கு ஓர்மை, பலாவுக்குச் சக்கை. 'எனக்க வீடு', 'அவனுக்க அண்ணன்.' அருமனைப் பக்கம் ரப்பர் பால்வெட்டுக்காரர் வீட்டுப் பிள்ளை 'ஒட்டுப்பால்' என்பாள். கடற்கரைப் பிள்ளை கடலோட்டத்துக்கு 'நீவாடு' என்பான். அதற்குப் புத்தகத் தமிழில் என்ன சொல் என்று கேட்டால் டீச்சருக்கே தெரியாது. விளவங்கோடு பக்கம் பாதி மலையாளமும் வரும், வரட்டும். அப்புறம், அன்று காலை வீட்டில் நடந்ததைப் பத்து வரி, வீட்டில் பேசுகிறபடியே எழுதச் சொல்லுங்கள். தேங்காப்பட்டணத்துக்காரரான தோப்பில் முகமது மீரான் அந்தக் கடற்கரையின் பேச்சை நாவலுக்குள் கொண்டுவந்துதான் 1997-ல் சாகித்திய அகாதெமி விருது வாங்கினார் என்று போகிறபோக்கில் சொல்லிவையுங்கள்.

இதற்கும் கருத்துரிமைக்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு நண்பர் கேட்டார். ஒரு நாளைக்குப் பத்து முறை 'அப்படிச் சொல்லாதே' என்று கேட்டு வளர்ந்த பிள்ளை, சொல்லே தப்பு என்றால் கருத்து எவ்வளவு தப்பாக இருக்குமோ என்றுதான் நினைப்பாள்.

அன்றே இரண்டு விதி வைத்துவிடுங்கள். மடித்துக் கொடுத்த தாளை நடத்துகிறவரைத் தவிர யாரும் பிரிக்கக் கூடாது. அவரும் அதை வாய்விட்டு வாசிக்கக் கூடாது. வாசிக்க விருப்பம் இல்லாதவர் 'வேண்டாம்' என்றால் போதும், காரணம் கேட்கக் கூடாது. இரண்டாவது விதிக்குப் பின்னால் ஒரு வழக்கு இருக்கிறது. 1985-ல் கேரளத்தில் மூன்று பிள்ளைகள், தங்கள் மத நம்பிக்கை காரணமாகத் தேசிய கீதத்தைப் பாடாமல், மரியாதையாக எழுந்து மட்டும் நின்றார்கள் என்பதற்காகப் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். 1986-ல் உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. பேசும் உரிமைக்குள் பேசாதிருக்கும் உரிமையும் உண்டு. கூச்சமுள்ள பிள்ளைகளுக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும்.

இரண்டாம் வாரம்: "சும்மா இரு"

தலைப்பு இதுதான்: "எதைக் கேட்டால் பெரியவர்கள் 'சும்மா இரு' என்கிறார்கள்?" கடிகாரம் வைத்து 12 நிமிடம். நீங்களும் எழுத வேண்டும், மேற்பார்வை பார்த்துக்கொண்டு நடக்கக் கூடாது. தம்பிக்கு மட்டும் ஏன் சைக்கிள், மாமா குடித்தால் ஏன் யாரும் கேட்பதில்லை, பக்கத்துத் தெருவில் ஏன் சாப்பிடக் கூடாது என்றெல்லாம் வரும். ஒரு சிறுமி ஒரே வரி எழுதினாள்: "எங்க அம்மா ஏன் அழுதாங்கன்னு கேட்டேன், வெங்காயம்னு சொன்னாங்க, அன்னைக்கு ரசம்தான் வச்சிருந்தாங்க."

இப்போது என் தப்பு. முதல் ஆண்டில் ஒரு பையன் இப்படி எழுதியிருந்தான்: "சார் எங்களைப் பேசச் சொல்வார். அவர் பேசி முடிக்கும்போது நேரம் முடிந்துவிடும்." எல்லோர் முன்னாலும் வாசித்தான். பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்கு முகம் சூடாகிவிட்டது. நான் கோபப்படவில்லை, அதில் ஒரு பெருமை வேறு. தாளை வாங்கி, சிவப்புப் பேனாவால் இரண்டு ஒற்றுப்பிழையைத் திருத்தி, "நன்று" என்று எழுதிக் கொடுத்தேன்.

அடுத்த நான்கு வாரம் எல்லோரும் மழையைப் பற்றி எழுதினார்கள். மழை, கடல், வானவில், தாய்ப்பாசம். ஒருவரும் என்னைச் சீண்டவில்லை, வேறு யாரையும் சீண்டவில்லை. கருத்துக்குப் பதில் சொல்லாமல் எழுத்தைத் திருத்தினால் அதன் பொருள் என்ன என்று 13 வயதுப் பிள்ளைக்குத் தெரியாதா?

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். துணிந்து எழுதப்படும் முதல் தாள் அநேகமாக உங்களைப் பற்றித்தான் இருக்கும். மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பதுபோல் பிள்ளைகள் உங்களைப் பார்க்கிறார்கள். அந்தத் தாளுக்கு என்ன ஆகிறது என்பதைத்தான் அவர்கள் கற்றுக்கொள்வார்கள், மற்ற ஏழு வாரத்திலும் நீங்கள் சொல்வதை அல்ல. கன்னியாகுமரிப் பாறையில் 133 அடி உயரத்தில் நிற்கிறாரே, அவர் இதை மன்னனுக்குச் சொல்லியிருக்கிறார்: "செவிகைப்பச் சொற்பொறுக்கும் பண்புடை வேந்தன் கவிகைக்கீழ்த் தங்கும் உலகு." காது கசந்தாலும் பொறுத்துக் கேட்பவன் குடைக்குக் கீழே உலகம் தங்குமாம். பேசுகிறவனுக்குத் தைரியம் சொல்லும் குறள்கள் வேறு இருக்கின்றன. இது கேட்கிறவனுக்கு.

அப்படியொரு தாள் வந்தால் என்ன செய்வது? இப்போது நான் செய்வது: முதலில் அதை அப்படியே ஒருமுறை திரும்ப வாசிக்கிறேன். அடுத்து ஒரு விவரம் கேட்கிறேன், "எந்த வாரம் அப்படி ஆச்சு மக்கா?" என்று. அதட்டலாக ஒலிக்கக் கூடாது. அங்கேயே விளக்கம் சொல்லத் தொடங்குவதில்லை. விளக்கம் சொன்னால் பேச்சு மறுபடி நம் கைக்கு வந்துவிடும். அடுத்த வாரம் எழுத்தில் பதில் கொண்டுபோகிறேன். அந்தப் பையனுக்குப் பதிலாக, நான் பேசும் நேரத்தை அளக்க ஒரு பிள்ளையிடம் கடிகாரத்தைக் கொடுத்தேன். பத்து நிமிடம் ஆனதும் அவள் டின்னைத் தட்டுவாள். இன்றும் தட்டுகிறாள், அதாவது அவளுக்குப் பின் வந்தவர்கள்.

நான்காம் வாரம்: சட்டம்

இப்போது சட்டத்தைக் கொண்டுவரலாம், ஏனென்றால் இப்போது அது அவர்கள் பிரச்சினை. அரசமைப்புச் சட்டத்தின் 19(1)(அ) ஒரே வரி: எல்லாக் குடிமக்களுக்கும் பேச்சுரிமையும் கருத்துரிமையும் உண்டு. உடனே 19(2)-ஐயும் வாசியுங்கள். அதை மறைத்துவிட்டு வீராவேசம் ஊட்டுவது பிள்ளைகளை ஏமாற்றுவது. நாட்டின் இறையாண்மையும் ஒருமைப்பாடும், அரசின் பாதுகாப்பு, அயல்நாட்டு உறவு, பொது ஒழுங்கு, நாகரிகமும் ஒழுக்கமும், நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு, குற்றம் செய்யத் தூண்டுதல் ஆகிய எட்டுக் காரணங்களுக்காக நியாயமான கட்டுப்பாடு போடலாம். 'நியாயமான' என்ற சொல்லை வட்டமிடச் சொல்லுங்கள். வழக்குகள் பாதி அந்தச் சொல்லில்தான் நடக்கின்றன.

எட்டையும் மனப்பாடம் செய்யவைத்தால் பழைய குருடி கதைதான். கதையாகச் சொல்லுங்கள். பம்பாயிலிருந்து வந்த 'கிராஸ் ரோட்ஸ்' என்ற வார இதழை அன்றைய சென்னை மாநில அரசு தன் எல்லைக்குள் வரக் கூடாது என்றது. 1950-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தடை செல்லாது என்றது. 1951-ல் அரசமைப்புச் சட்டத்தின் முதல் திருத்தம் வந்து, பொது ஒழுங்கு முதலான காரணங்களைச் சேர்த்தது, 'நியாயமான' என்ற சொல்லையும் சேர்த்தது. யார் வென்றார்கள் என்று கேளுங்கள், வகுப்பு இரண்டாகப் பிரியும். 1975 ஜூனில் நெருக்கடி நிலை வந்தபோது தணிக்கையை எதிர்த்துச் சில நாளிதழ்கள் தலையங்க இடத்தை வெறுமையாக விட்டன. மணிகட்டிப்பொட்டல்காரரான பொன்னீலன் கல்வித்துறையில் வேலை பார்த்தவர். அந்தக் காலத்தைப் பற்றி எழுதிய நாவலுக்காகத்தான் 1994-ல் அவருக்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. இணையத்தில் புண்படும்படி எழுதினால் சிறை என்ற, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை 2015-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. கையில் போன் வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு இது சட்டென்று புரியும். விவாதிப்பது வேறு, ஒன்றை ஆதரித்துப் பேசுவது வேறு, ஒருவனை அடிக்கத் தூண்டிவிடுவது வேறு. மூன்றாவதில்தான் சட்டம் கைவைக்கலாம் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

வகுப்புக்கு உண்மையில் அதிகம் பயன்படுவது அவதூறுதான், மற்ற ஏழும் எட்டாம் வகுப்பில் அவ்வளவாக வராது. அதற்கு ஒரு பயிற்சி வைத்திருக்கிறேன். தாளை மூன்று கட்டமாகப் பிரிக்க வேண்டும்: கண்டது, கேட்டது, நினைத்தது. ஒரு பிள்ளை எழுதினாள்: "சத்துணவு முட்டையைத் திருடுகிறார்கள்." எந்தக் கட்டம்? அவள் யோசித்தாள். நீ என்ன கண்டாய்? "செவ்வாய்க்கிழமை எங்க வரிசையில கடைசி ஆறு பேருக்கு முட்டை வரல." அது கண்டது. "தூக்கிட்டுப் போறாங்கன்னு அக்கா சொன்னா." அது கேட்டது. "எங்களுக்குக் கேள்வி கேட்க ஆள் இல்லைன்னுதான் இப்படி." அது நினைத்தது. மூன்றையும் அதனதன் இடத்தில் எழுதியபோது முதல் வரியைவிடப் பலமடங்கு உறைத்தது. 'திருடன்' என்றால் நாளைக்கு நிரூபிக்க வேண்டும். ஆறு பேருக்கு வரவில்லை என்பதை யாராலும் மறுக்க முடியாது. ஊர், ஆள் பெயரை மாற்றிக் கதையாக்கும் வித்தையும் இந்த இடத்தில் சொல்லித்தரலாம். ஆனால் ஊரே கண்டுபிடிக்கும்படி ஒரு அடையாளத்தை விட்டுவைத்துவிட்டு 'கற்பனை' என்று தப்பிக்க முடியாது என்பதையும் சொல்லுங்கள்.

உள்ளூர்க்காரர்கள்

நக்கீரரை எல்லோரும் சொல்லிவிடுவார்கள். நெற்றிக்கண் இங்கே வேண்டாம், நம் மாவட்டத்திலேயே ஆள் இருக்கிறது. தேரூரில் 1876-ல் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையைப் பிள்ளைகளுக்குத் தோட்டம், கிளி, பசு என்றுதான் தெரியும். நாஞ்சில் நாட்டில் சொத்து மகனுக்குப் போகாமல் சகோதரியின் மகனுக்குப் போகும் மருமக்கள்வழி முறை இருந்தது. கணவன் இறந்தால் மனைவியும் பிள்ளைகளும் தெருவில் நிற்க வேண்டியதுதான். அவர் அதை எதிர்த்துக் கட்டுரை எழுதவில்லை. நாஞ்சில்நாட்டு மருமக்கள்வழி மான்மியம் என்று, ஒரு வீட்டுப் பெண் தான் பட்ட பாட்டைத் தானே சொல்லி அழுவதுபோலவும் அழுகைக்கு நடுவே சிரிப்பு வருவதுபோலவும் பாடினார். சொந்தச் சாதிக்காரர்களின் வழக்கத்தைப் பற்றி, அவர்கள் நடுவிலேயே வாழ்ந்துகொண்டு. 1926-ல் திருவிதாங்கூரில் நாஞ்சில்நாட்டு வேளாளர் சட்டம் வந்து அந்த முறையை மாற்றியது. பாட்டு மட்டுமே சட்டத்தைக் கொண்டுவந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் கொஞ்சம் கிண்டல் என்ன செய்யும் என்று காட்ட இதைவிட நல்ல பாடம் இல்லை. எதிர்த்து எழுத யாரும் அன்னியரைத் தேடிப் போக வேண்டாம் என்பதும் இதில் உண்டு.

பூதப்பாண்டியில் 1907-ல் பிறந்த பொதுவுடைமைத் தலைவர் ஜீவா, பகத்சிங் சிறையில் எழுதிய கட்டுரையைத் தமிழில் கொண்டுவந்ததற்காகக் கைதானவர். மொழிபெயர்த்ததற்கே சிறையா என்று பிள்ளைகள் கேட்பார்கள். கேட்கட்டும்.

இன்னொன்று, கொஞ்சம் கவனமாகக் கையாள வேண்டியது. தோள்சீலைப் போராட்டம் நம் மண்ணின் வரலாறு. 1859-ல்தான் திருவிதாங்கூர் அரசு நாடார் பெண்கள் மார்பை மறைத்துக்கொள்ள அனுமதித்து உத்தரவிட்டது. அதைச் சொல்லும் பகுதி மத்தியப் பாடத்திட்டத்தின் 9-ஆம் வகுப்பு வரலாற்றுப் புத்தகத்தில் இருந்தது. அதிலிருந்து தேர்வில் கேள்வி வராது என்று 2016-ல் சி.பி.எஸ்.இ. அறிவித்தது, 2019-ல் அந்த அத்தியாயத்தையே என்.சி.இ.ஆர்.டி. எடுத்துவிட்டது. அந்தப் பாடம் தங்களைத் தவறாகச் சித்தரிக்கிறது என்று அந்தச் சமூகத்திலிருந்தே எதிர்ப்பு எழுந்திருந்தது. ஆக, நீக்கியது சரியா, திருத்தி எழுதியிருக்க வேண்டுமா, அப்படியே விட்டிருக்க வேண்டுமா? உங்கள் பதிலைச் சொல்லாதீர்கள். "அந்த அத்தியாயம் உன் கையில் கிடைத்தால் அந்த இரண்டு பக்கத்தை நீ எப்படி எழுதுவாய்?" என்று கேளுங்கள். பாட்டியிடம் கேட்டு எழுதிக்கொண்டு வந்த பிள்ளைகள் உண்டு.

ஐந்தாம், ஆறாம் வாரம்: வில்லும் மனுவும்

வில்லுப்பாட்டு நம் கோயில் கொடைகளில் இன்னும் உயிரோடு இருக்கிறது. அதில் எனக்குப் பிடித்தது பக்கத்தில் இருப்பவர்கள். புலவர் கதை சொல்லிக்கொண்டு போகும்போது அவர்கள் 'ஆமா' போடுவார்கள், நடுவில் புகுந்து "அது எப்படி?" என்று கேட்பார்கள். பெரியவரைக் குறுக்கே கேள்வி கேட்பது இந்தக் கலைக்குள்ளேயே இருக்கிறது. ஐந்து பேர் கொண்ட குழுவாகப் பிரித்து, ஊரில் நடந்த ஒன்றைப் பாட்டும் வசனமுமாக எழுதச் சொல்லுங்கள். ஒருவருக்குக் கேள்வி கேட்பது மட்டும்தான் வேலை. வில் கிடைக்காவிட்டால் பரவாயில்லை. குடத்தைக் கவிழ்த்துத் தட்டினால் போதும், உடைந்தால் நீங்கள்தான் வாங்கிக் கொடுக்க வேண்டும்.

மனு எழுதுவதைப் படைப்பெழுத்து என்று யாரும் சொல்வதில்லை, எனக்கு அதுதான் முதல். நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமைதோறும் மக்கள் குறைதீர் கூட்டம் நடக்கிறதே, பல பிள்ளைகள் அம்மாவோடு போய் வரிசையில் நின்றிருக்கிறார்கள். முதலில் உண்மையான மனு ஒன்று: யாருக்கு, என்ன குறை, எந்த நாளிலிருந்து, என்ன வேண்டும். அரைப் பக்கத்துக்கு மேல் கூடாது. அப்புறம் அதே வடிவத்தில் கற்பனை மனு. நான்குவழிச் சாலைக்காகப் பாதி மண் போட்டு மூடப்பட்ட குளம் ஆட்சியருக்கு எழுதுகிறது. கல் ஏற்றிய லாரி ஓடி உடைந்த ரோடு எழுதுகிறது. ஒரு குளம் இப்படி முடித்திருந்தது: "என்னுடைய பட்டா நகல் இணைக்க இயலவில்லை. ஈரமாக உள்ளது." எழுதியவன் கணக்கில் 12 மதிப்பெண் வாங்குகிறவன்.

விருப்பப்பட்டால் உண்மையான மனுவை நிஜமாகவே கொடுக்கலாம், பெற்றோர் சம்மதத்தோடு. எங்கள் பிள்ளைகள் பஸ் நிறுத்தத்தில் நிழற்கூரை கேட்டுக் கொடுத்தார்கள். கூரை இன்னும் வரவில்லை. மனு எண் கொண்ட ரசீது வந்தது. அதை டின்னில் ஒட்டிவைத்திருக்கிறார்கள்.

மதம், சாதி, கடற்கரை

வெளியூரிலிருந்து வரும் புதியவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். கோயிலும் தேவாலயமும் பள்ளிவாசலும் அய்யாவழிக்காரர்களின் பதியும் ஒரே சாலையில் இருக்கும் மாவட்டம் இது. 1982-ல் மண்டைக்காட்டில் கலவரம் நடந்து உயிர்கள் போயிருக்கின்றன, அதை நேரில் பார்த்தவர்கள் ஒவ்வொரு வீட்டிலும் உண்டு. அதற்காக மதத்தைப் பற்றியே எழுதக் கூடாது என்று சொல்லிவிட்டால் பிள்ளைகளின் வாழ்க்கையில் பாதி வெளியே போய்விடும். நான் சொல்வது இவ்வளவுதான்: உன் வீட்டு வழக்கத்தை எவ்வளவு வேண்டுமானாலும் கேள்வி கேள், அடுத்த வீட்டு வழக்கத்தைப் பற்றி எழுதினால், அந்த வீட்டுப் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது வாசிக்கத் தயாரா என்று பார்த்துக்கொள்.

அப்படியும் வரும். ஒருமுறை உள்நாட்டுப் பையன் ஒருவன் கடற்கரைப் பிள்ளைகளின் மீன் வாசனையைப் பற்றி நகைச்சுவை என்று நினைத்து நான்கு வரி எழுதி வாசித்தான். வகுப்பு சிரித்தது, இரண்டு பேரைத் தவிர. கிழித்துப்போட வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றியது. கிழிக்கவில்லை. சிரித்துவிட்டு விட்டுவிடவும் இல்லை. "இதற்குப் பதில் எழுத விரும்புகிறவர்களுக்கு அடுத்த வாரம் முதல் இடம்" என்றேன். அடுத்த வாரம் ஒரு கடற்கரைப் பெண் ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வந்தாள். 2017 நவம்பர் 30, ஒக்கிப் புயல். அவள் அப்பா கரைக்கு வந்த அன்று அவர் சட்டையில் இருந்த அந்த வாசனை. அவ்வளவுதான் எழுதியிருந்தாள், யாரையும் திட்டவில்லை. பையன் மன்னிப்புக் கேட்டானா என்றால் இல்லை. ஆனால் தன் தாளைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாமா என்று கேட்டான்.

எப்போதும் இப்படி நடக்கும் என்று நம்பிவிடாதீர்கள். பதில் எழுதும் நிலையில் பிள்ளை இல்லை என்றால், ஒரு ஆளைக் குறிவைத்துத் தொடர்ந்து எழுதினால், அது கேலிவதை. அங்கே நிறுத்திவிட வேண்டியது உங்கள் பொறுப்பு.

தாளில் வேறு ஏதாவது வந்தால்

சொல்லப் பழகிய பிள்ளை ஒருநாள் சொல்லக் கூடாதது என்று நினைத்துவைத்திருந்ததையும் எழுதும். வீட்டில் அடி, யாரோ தொட்டது, சாக வேண்டும் என்ற எண்ணம். அதற்கு முதல் நாளே தயாராகுங்கள். "என்ன எழுதினாலும் ரகசியம்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். "உனக்கு ஆபத்து என்று தெரிந்தால், உன்னிடம் சொல்லிவிட்டு, உதவக்கூடியவரிடம் சொல்வேன்" என்று சொல்லுங்கள். பாலியல் துன்புறுத்தல் பற்றித் தெரிந்தும் காவல்துறைக்குத் தெரிவிக்காமல் இருப்பது 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி குற்றம். பள்ளியின் பெயர் கெடும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். குழந்தைகள் உதவி எண் 1098, இருபத்துநான்கு மணி நேரமும். பிஸ்கட் டின்னில் அந்த எண்ணை உள்பக்கமும் வெளிப்பக்கமும் எழுதிவைத்திருக்கிறேன். அந்தத் தாளை அழகாக எழுதியிருக்கிறாள் என்று யாரிடமும் காட்ட வேண்டாம், போட்டோ எடுக்கவே வேண்டாம்.

கடைசி இரண்டு வாரம்: கையெழுத்துப் பத்திரிகை

வாட்ஸ்அப் குழுவில் போடுவது சுலபம், அதனாலேயே வேண்டாம். ஒரு முறை போனால் திரும்பாது. கையெழுத்துப் பத்திரிகை ஒரே ஒரு பிரதி. ஆசிரியர் குழு பிள்ளைகளே. நீங்கள் அதில் இல்லை. எதைச் சேர்க்க மறுத்தாலும் எழுதியவருக்கு ஒரு வரியில் காரணம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது மட்டும் விதி. முதல் வாரமே சண்டை வரும். நேற்றுவரை தணிக்கையைத் திட்டிய பிள்ளைகள் இன்று அடுத்தவன் கவிதையை வெட்டிக்கொண்டிருப்பார்கள், அதைப் பார்ப்பது ஒரு தனி சுகம். புனைபெயர் வைக்கலாம். கையெழுத்து காட்டிக்கொடுக்கும் என்பதால் ஒருவர் எழுதியதை இன்னொருவர் படியெடுக்கட்டும். அரசு நடத்தும் தேன்சிட்டு மாதிரி இதழ்களுக்கு அனுப்ப விரும்புகிறவர்கள் தனியாக அனுப்பிக்கொள்ளட்டும்.

ஒரு பள்ளியில் நடத்தியபோது, ஒரு கவிதையை எடுத்துவிடும்படி மேலிருந்து சொன்னார்கள். கழிப்பறைக்குப் பூட்டுப் போட்டிருப்பது பற்றிய கவிதை. காரணத்தை எழுதிக் கொடுக்கும்படி பிள்ளைகள் கேட்டார்கள், கிடைக்கவில்லை. எடுத்துவிட்டார்கள். பக்கத்தை மட்டும் எடுக்கவில்லை. தலைப்பு மேலே, கீழே வெறும் தாள். நெருக்கடி நிலைக் கதையை நான்தான் சொல்லியிருந்தேன், ஆனால் இந்த யோசனை என்னுடையது இல்லை. ஆண்டு விழாவில் பெற்றோர் புரட்டிப் பார்த்து அந்தப் பக்கத்தில்தான் நின்றார்கள்.

இங்கே இரண்டு பருவமழையும் பெய்யும், தாள் நமுத்துவிடும். அதனால் பத்திரிகையை ஜனவரிக்குப் பிறகு நூலகத்தில் தொங்கவிடுங்கள். கடைசி நான்கு பக்கத்தைப் படித்தவர்கள் எழுதுவதற்குக் காலியாக வையுங்கள். பேனாவை நூலில் கட்டிவையுங்கள், இல்லாவிட்டால் மறுநாளே காணாமல் போகும். எங்கள் முதல் இதழில், தோட்ட வேலை முடிந்து வந்த ஒரு அம்மா நின்றபடியே அரை மணி நேரம் வாசித்தார். புனைபெயர்தான், படியெடுத்த எழுத்துதான், ஆனால் கதையில் வந்த மாட்டின் பெயரை வைத்துக் கண்டுபிடித்துவிட்டார். பேனாவை எடுத்து எழுதினார்: "எனக்க மொவ இதொண்ணும் எங்கிட்ட சொல்லல்ல. நான் கேக்கவும் இல்ல." அதில் எழுத்துப்பிழை இருந்ததா என்று நான் பார்க்கவில்லை.